சகலையின் தவளை

தெருவுக்குள் வந்து தவளைக்காரி வீடு எது என்று கேட்டால், பால் போடுகிறவர் முதல் பார்சல் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அந்தப் பட்டப்பெயரில் ஒரு வருத்தமும் இல்லை. படித்தது தவளை, சம்பளம் தருவது தவளை, கூடப்பிறந்த அக்காவோடு பேச்சு முறிந்ததும் தவளையால்தான். அக்கா புருஷனை, அதாவது தன் அத்தானை, ஒருநாள் மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே தலை நரைத்தவள் அவள். ஒரு தவளைக்காகவா இத்தனை ஆத்திரம் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் வீட்டில் யாரும் மரத்திலிருந்து விழுந்ததில்லை என்பதால், அவள் அவர்களுக்குப் பதில் சொல்லி வாயை வீணாக்குவதில்லை.

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கட்டடத்தின் மாடிப்படிக்குப் பின்னால் அவளுடைய அறை. சன்னலே கிடையாது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று அப்படிக் கட்டிவிட்டார்கள். இரும்பு அலமாரிகளில் கண்ணாடிப் புட்டிகள், புட்டிகளுக்குள் சாராயத்தில் தவளைகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் நூலால் கட்டிய எண். காலையில் வந்ததும் எந்தப் புட்டியில் சாராயம் வற்றியிருக்கிறது என்று பார்த்து ஊற்றுவாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியில் கிடத்தி, உடம்பின் நீளத்தை அளப்பாள், விரல் நுனியில் கிளையை ஒட்டிப் பிடிக்கிற வட்டை அளப்பாள், விரல்களுக்கு நடுவே சவ்வு எதுவரை வருகிறது என்று லென்சில் பார்ப்பாள். மாலையில் பஸ் ஏறினால் பக்கத்து இருக்கை அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். பொழுது சாயும் முன்பே ஒரு பொம்பளை இப்படிக் குடித்துவிட்டு வருகிறாளே என்று நினைக்கிறாள் போல. தவளைக்காரி நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொள்வாள்.

அவளுடைய தவளைகள் மரத்தில் வாழ்பவை. தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் பெண் தவளை பின்னங்காலால் அடித்து அடித்து நுரை கிளப்பி, அந்த நுரைக்குள் முட்டையிடும். நுரை கரைந்ததும் தலைப்பிரட்டைகள் பொத்தென்று தண்ணீரில் விழும். இவற்றில் சிலவற்றுக்கு நாலு காலிலும் பெரிய சவ்வு. காலை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் மிதந்தே போகும். பெரிய சவ்வு உள்ளதெல்லாம் ஒரு கிளை, இல்லாததெல்லாம் வேறு கிளை என்று முன்பிருந்தவர்கள் பிரித்து வைத்தார்கள். டி.என்.ஏ. பார்க்க ஆரம்பித்த பிறகு அந்தப் பாகப்பிரிவினையில் பாதி குளறுபடி என்று தெரிந்தது. சவ்வுள்ள ஒன்றுக்கு நெருங்கிய சொந்தம் சவ்வே இல்லாத இன்னொன்றாக இருந்தது. "ஒரே மாதிரி மீசை வெச்ச சகலைங்களைப் பார்த்து அண்ணன் தம்பின்னு சொன்ன கதைதான்" என்று மாணவர்களுக்குச் சொல்வாள். சகலை என்ற சொல் வரும்போது அவள் முகம் கடுத்துவிடுவதை மாணவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்காரரும் அத்தானும்தான் அந்தச் சகலைகள். அக்காவைக் கட்டிய அத்தான் நகரத்து அருங்காட்சியகத்தில் தவளைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கொழுந்தியாளுக்கு அங்கே வேலை போட்டுக்கொடுத்ததும் அவர்தான். காட்டுக்குப் போகும்போது மரம் ஏற ஓர் ஆள் கூடப் போவார். ஒல்லி உடம்பு, கயிறு இல்லாமலே உச்சிக்கிளை வரை போய்விடுவார், அதனால் எல்லோருக்கும் அவர் அணில். அந்த அணிலைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தை அத்தானே முன்னின்று நடத்தினார். "ஒரு சகலை மரத்து மேல, ஒரு சகலை மரத்துக்குக் கீழ. இனிமே தவளைக்குத் தப்பிக்க வழியே இல்ல" என்று சொல்லி வந்தவர்களைச் சிரிக்க வைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் மலைக்காட்டில் ஒரு பெரிய மரத்தின் உச்சியில் அணில் ஒரு தவளையைப் பிடித்தார். முதுகு தளிர்ப்பச்சை, சவ்வு செக்கச்சிவப்பு. அப்படி ஒன்றை அந்தக் கூட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. துணிப்பைக்குள் போட்டு, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது கிளை முறிந்தது. விழுகிறவன் யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவான். இவர், பை நசுங்கிவிடுமே என்று இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். தவளைக்கு ஒரு கீறல் இல்லை. இவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தான் சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது புதுசு, சகலை. சந்தேகமே இல்ல. இதுக்கு உங்க பேருதான்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். புது இனத்துக்குப் பெயர் வைப்பவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் அசிங்கம், பிடித்துக் கொடுத்தவர் பெயரை வைப்பது மரியாதை. அணில் அந்த வலியிலும் சிரித்தார். இடுப்பு கூடாமல் படுத்திருந்த மாதங்களில் எல்லாம், தவளைக்குத் தன் பெயர் வரப்போகிறது என்ற ஒன்றைத்தான் அவர் மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார்.

கட்டுரை அச்சாகி வந்தது. தவளைக்கு சிமெண்டு முதலாளியின் பெயர். அருங்காட்சியகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொடுத்த புண்ணியவான் அவர். பிடித்தவர் யார் என்ற இடத்தில் 'அருங்காட்சியகக் குழுவினர்' என்று இருந்தது. நன்றி சொல்லும் பகுதியில் வண்டி ஓட்டியவர் பெயர்கூட இருந்தது, அணில் பெயர் இல்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு அத்தான் அறைக்குப் போனாள்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா" என்றார் அத்தான். "மரம் ஏறுற ஆள் பேரை வெச்சா நாலு பேரு சிரிப்பாங்க. முதலாளி பேரை வெச்சா நாளைக்கு இன்னொரு கட்டடம் வரும்."

"அவரு உங்க சகலை, அத்தான்."

"அதனாலதான் சொல்றேன். சொந்தக்காரனுக்குப் பேரு வெச்சிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

தலையில் மிளகாய் அரைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். உட்காரவைத்து, அன்பாகப் பேசி, இப்படி நிதானமாக அரைப்பார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றே வேலையை விட்டாள். அக்கா ஓடி வந்து, "ஒரு தவளைக்காக என் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்காதடி" என்றாள். அக்காவையும் அன்றோடு விட்டாள். பிற்பாடு அக்கா மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தபோது உறையைப் பிரிக்காமலே பழைய பேப்பரோடு போட்டாள். வீட்டுக்காரர் மட்டும் கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விடு, யாரு பிடிச்சதுன்னு தவளைக்குத் தெரியும்" என்று சிரித்தார். மனிதருக்குச் சூடு சொரணையே இல்லையா என்று அவளுக்கு அவர்மீதும் கோபம் வந்தது.

பெயர் வைக்கும் விஷயத்தில் அந்தத் தொழிலுக்கென்று கறாரான சட்டம் உண்டு. அச்சில் வந்த பெயரை யாரும் மாற்ற முடியாது. திருடன் பெயராக இருந்தாலும், வைத்தவரே வந்து காலில் விழுந்தாலும் முடியாது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இது புதிய இனமே இல்லை, முன்பே வேறொருவர் பெயர் வைத்த பழைய தவளைதான் என்று யாராவது நிரூபித்தால், பழைய பெயர் நிற்கும், புதுப் பெயர் அடிபடும். இதைத்தான் அவள் ஆயுதமாக எடுத்துக்கொண்டாள். அத்தான் அந்த ஒரு தவளைக்கு மட்டுமா பெயர் வைத்தார்? வரிசையாக வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் அவள் அந்த வரிசையில் கை வைத்தாள். ஒன்று வேறொரு தவளையின் குட்டி என்று காட்டினாள். இன்னொன்று, ஏற்கெனவே பெயருள்ள இனத்தின் ஆண். இன்னொன்றுக்குச் சவ்வு சுருங்கியிருந்ததற்குக் காரணம் சாராயம் வற்றியதுதான். பெயர் அடிபட அடிபட, அந்தக் கட்டுரையை உறையில் போட்டு, உள்ளே ஒரு வரிகூட எழுதாமல், அத்தானுக்குத் தபாலில் அனுப்புவாள். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும் நாளில் அவளுக்கு நன்றாகப் பசிக்கும்.

ஆனால் சிமெண்டு முதலாளியின் தவளையை மட்டும் அவள் தொடவில்லை. அதற்குக் காரணம் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தது.

மரம் ஏற முடியாமல் போன அணில் அந்த முன்னறையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். இடதுகாலை நீட்டியபடி உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வெட்டுவார், மரச்சட்டம் இழைப்பார். கல்லாவுக்கு மேலே அந்தத் தவளையின் வண்ணப்படம், அவரே போட்ட சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட வந்த ஜோடியாக இருந்தாலும், செத்தவர் படத்தோடு வந்தவராக இருந்தாலும், அந்தத் தவளையின் கதையைக் கேட்காமல் போக முடியாது. "நான் பிடிக்கிற வரைக்கும் இப்படி ஒண்ணு இருக்குன்னு உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. பேரு வேற எவன் பேரோ இருக்கட்டும். முதல்ல கண்ணால பார்த்தது நான்" என்பார். அந்த இடுப்புக்கு மாற்றாக அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அந்தப் பெயரை அடித்தால் இதுவும் சேர்ந்து போகும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்திருந்தாள்.

பிறகு ஒருநாள் மூடி உடைந்த ஒரு புட்டியை மாற்றினாள். மாணவர்கள் எப்போதோ அதே மலையிலிருந்து கொண்டுவந்திருந்த அதே இனத் தவளை, புட்டியில் கிடந்தது. வந்தபோது தளிர்ப்பச்சையாக இருந்தது. இப்போது முதுகு முழுக்க ஊதா கலந்த நீலம். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பச்சைத் தவளையின் தோலில் உள்ள மஞ்சளைச் சாராயம் கரைத்துவிட்டால் மிஞ்சுவது நீலம். தவளை வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மலையிலிருந்து மிகப் பழைய காலத்தில் ஒரு வெளிநாட்டுப் பட்டாளத்து டாக்டர் ஒரு மரத்தவளைக்குப் பெயர் வைத்திருந்தார். முதுகு ஊதா நீலம் என்று எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் காட்டில் நீலத் தவளையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, அழிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். டாக்டர் உயிருள்ள தவளையைப் பார்த்து எழுதினாரா, புட்டியைப் பார்த்து எழுதினாரா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அத்தானுக்கும் தோன்றவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் கிடந்த டாக்டரின் தவளையை வரவழைத்துப் பார்க்காமலே, அது நீலம், இது பச்சை, ஆகவே இது புதியது என்று எழுதிவிட்டார்.

அவள் வரவழைத்தாள். ஈரத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாகக் கடல் கடந்து வந்தது அந்த டாக்டர் தவளை. அதன் தொடையிலிருந்தும், மாணவர்கள் கொண்டுவந்த தவளையின் தொடையிலிருந்தும் அரிசியளவு தசை எடுத்துக் கீழ்த்தளத்து டி.என்.ஏ. அறையில் கொடுத்தாள். சில வாரம் கழித்து அங்கே வேலை செய்கிற பெண் படியேறி வந்து, "ரெண்டும் ஒண்ணுதான் மேடம். துளி வித்தியாசம் இல்ல" என்றாள்.

எத்தனை வருஷத்து ஆசை. பெயரும் அடிபடும், புட்டி நிறத்தை நம்பி ஏமாந்த கதையில் அத்தானின் மானமும் கப்பலேறும். ஆனால் அவள் முடிவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சமையலில் இரண்டு நாள் உப்பே போடவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் தட்டை நகர்த்திவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார்.

மறைக்க அவளால் முடியவில்லை. கடையில் அவர் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கும்போது, எதிரே நின்றபடியே சொன்னாள். "உங்க தவளை புதுசு இல்லைங்க."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன். அது பழைய தவளை. நீலத் தவளைன்னு ஒண்ணைத் தேடிக்கிட்டிருந்தாங்களே, அதுதான் இது."

அவர் கையிலிருந்த கண்ணாடி கோடு போட்ட இடத்தில் உடையாமல் கோணலாக உடைந்தது. "தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சதைத் திரும்பக் கண்டுபிடிச்சவர்னு உங்க பேரைப் போட்டு எழுதறேங்க" என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

"தொலைஞ்சதைத் தேடிக் குடுக்கறது போலீஸ்காரன் வேலை" என்றார் அவர். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார்.

ஒரு வாரம் கடைக்கு வந்தவர்கள் கதை கேட்காமலே சட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார். "நீ எழுதினா அந்தப் பேரு அடிபடுமா?"

"அடிபடும்."

"திரும்ப எழுந்திரிக்கவே முடியாதா?"

"முடியாது. ஆனா அதோட உங்க தவளையும்..."

"என் தவளை கிடக்கட்டும். அடிச்சுடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் அவர்மேல கோபமே இல்லையே."

"நான் சிரிச்சா எனக்கு எரியலைன்னு அர்த்தமா?" என்றார் அணில். "ஒவ்வொரு தடவை மாடிப்படியைப் பார்க்கும்போதும் அவனைத்தான் நினைச்சுக்கறேன். ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சானே, அந்தக் கையை அன்னிக்கே முறிச்சிருக்கணும். உன்கிட்ட சொன்னா நீ இன்னும் ஆடுவேன்னு சொல்லல. நீ அடி. அச்சானதும் நேர்ல கொண்டுபோய்க் குடு, தபால்ல வேண்டாம். அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு பார்த்துட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு. எனக்கு அது போதும்."

இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்திருந்தும் இந்த மனிதருக்குள் இப்படி ஒரு கங்கு கிடந்தது அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆன புதிதில்கூட அவர்மீது அவளுக்கு அன்றைக்கு வந்த அளவு ஆசை வந்ததில்லை. அன்றே எழுத உட்கார்ந்தாள். நீலம் எப்படி வந்தது, பழைய மாதிரியைப் பார்க்காமல் பெயர் வைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பதையெல்லாம், மரியாதை குறையாத சொற்களில், ஊசி ஊசியாக ஏற்றி எழுதினாள். அச்சிடும் முன்பு இதழ்க்காரர்கள் அந்தத் துறையில் இருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பார்கள், கருத்துச் சொல்பவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் நாலு சந்தேகம் கேட்டிருந்தார். இன்னொருவர், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம், உடனே வெளியிடுங்கள் என்று எழுதியிருந்தார். யாரோ நல்ல மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இதழ் கைக்கு வந்த அன்றைக்கு வீட்டுக்காரர் அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினார். அத்தான் இப்போது அருங்காட்சியகத்துக்கே இயக்குநர், இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப்போகிறார். அவள் அறைக்குள் நுழைந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். மயிருக்குச் சாயம் அடித்திருந்தார், கன்னம் தொங்கிப்போயிருந்தது.

"வா வா. உட்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. இதழை அந்தப் பக்கம் தெரியும்படி மடித்து மேசையில் வைத்தாள்.

"படிச்சிட்டேன்" என்றார் அத்தான். "அச்சாகறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரே. அது நான்தான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "வெளியில இன்னும் தெரியாது. முதலாளி அந்த மலையில கல்லுக்காகக் காட்டையே மொட்டை அடிச்சுக்கிட்டிருக்கான். அந்தத் தவளை இருக்கிற அதே காடு. ரகசியமா விசாரணை நடக்குது, என்னையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. இந்த வாரம் பிடிச்சு உள்ள வெச்சுடுவாங்க. கட்டடத்துல இருந்த அவன் பலகையைப் பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லிக் கழட்டிட்டேன். தவளை மேல இருக்கிற பேரை எப்படிம்மா கழட்டுவேன்? காட்டை அழிச்சவன் பேரு அந்தக் காட்டுத் தவளைக்கு. ஒவ்வொரு புஸ்தகத்துலயும் அவன் பேரு, பக்கத்துலயே அதை வெச்சவன்னு என் பேரு. நான் செத்தாலும் போகாது. ஆறு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. அப்பதான் உன் கட்டுரை வந்துச்சு."

"புட்டி நிறத்தை நம்பி ஏமாந்தவர்னு எழுதியிருக்கேன்" என்றாள் அவள்.

"எழுதினா எழுதிட்டுப் போ. இந்தத் தொழில்ல தப்புப் பண்ணாதவன் யாரு? நாலு நாள் சிரிப்பாங்க, மறந்துடுவாங்க. அந்தப் பேரு போச்சே, அது போதும் எனக்கு."

"நான் பேசாம விட்டிருந்தா?"

"நீ விட்டிருந்தா நான் தொலைஞ்சேன்." அத்தான் மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எந்தக் கோபத்துல செஞ்சியோ, எனக்குப் பெரிய உபகாரம் பண்ணிட்டேம்மா. சகலையைக் கேட்டதாச் சொல்லு."

அவள் கையை உருவிக்கொண்டாள். மேசைமேல் கனமான கண்ணாடிக் குண்டு ஒன்று காகிதங்களை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்து அந்தச் சாயம் பூசிய தலையில் போட வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. போடவில்லை. படியிறங்கும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே போதும், இந்த மனுஷன் தான் வைத்த பெயரோடு சேர்ந்து நாறியிருப்பான். வீட்டுக்காரர் கையிலிருந்த ஒரே பெருமையைப் பிடுங்கி, இவனுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அக்கா புருஷனையும், சிமெண்டு முதலாளியையும், அந்தப் பட்டாளத்து டாக்டரையும், தன்னையும் வாய்க்குள் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தாள்.

கடை பொழுதோடு சாத்தியிருந்தது. அணில் முகம் மழித்து, தலை வாரி, முன்னறையில் நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன ஆச்சு?" என்றார். உண்மையைச் சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"மூஞ்சி செத்துப்போச்சு" என்றாள்.

"உட்காரு. முதல்ல இருந்து சொல்லு. உன்னைப் பார்த்ததும் என்ன பண்ணினான்?"

"எழுந்து நின்னுட்டார்."

"பயந்துட்டான். அப்புறம்?"

"இதழை வெச்சேன். படிச்சார். கை நடுங்கிச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுப் போட்டார். 'என்னை விட்டுடும்மா'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரர் இடுப்புக்குப் பதில் சொல்லுங்கன்னேன்."

அணில் தொடையில் அடித்துக்கொண்டார். "அழுதானா?"

அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். உள்ளேயிருந்தே, "அழுதார்" என்றாள்.

"நல்லாவா?"

"நல்லா அழுதார்."

அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பிடும்போது இன்னொரு முறை முதலிலிருந்து கேட்டார், அவள் சொன்னாள், இந்த முறை அத்தான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு அவர் கையை நக்கியபடி எழுந்தார். "நாளைக்கு நானும் போறேன்" என்றார்.

"எங்க?"

"அங்கதான். பேச மாட்டேன். எதிர்ல உட்கார்ந்து அந்த மூஞ்சியை ஒரு தடவை என் கண்ணால பார்த்துட்டு வந்துடறேன்."

"அத்தனை படி உங்களால ஏற முடியாதுங்க."

"மரம் ஏறினவன் படி ஏற மாட்டேனா? நேரம் ஆனா ஆகட்டும். அவன் எங்க ஓடப்போறான்."

"நாளைக்கு அவர் இருக்க மாட்டார்."

"நாளன்னிக்குப் போறேன்." அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்து அவள் தோளில் போட்டார். "இதைத் தேய்ச்சு வை."

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். சட்டையின் முன்பக்கத்தை விரித்து, பெட்டியை அப்படியே அதன்மேல் வைத்துக் கருக்கிவிடலாமா என்று பார்த்தாள். அலமாரியில் அவருக்கு நல்ல சட்டை இன்னொன்றும் இருந்தது.